ஸ்டாண்டில் மாட்டிய போனா, ஆண்ட்ராய்டு ஆட்டோவா, காரோடு வரும் மேப்பா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் ஈசிஆரில் வண்டியை விட்டு, கோவளம் தாண்டி ஒரு டீக்கடையில் கூடுவது எங்கள் நண்பர்கள் வட்டத்துக்குப் பல வருடப் பழக்கம். முன்பு டீசலா பெட்ரோலா, எந்த டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும், கிளட்ச் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்றுதான் பேச்சு ஓடும். இப்போது பாதி நேரம் போனைப் பற்றியே பேசுகிறோம். எங்கே மாட்டுவது, எந்த கேபிள், ஏன் பாதி வழியில் துண்டிக்கிறது என்று.

போன மாதம் புதுக் கார் எடுக்கப்போகிற ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, மேப் உள்ளேயே வர்ற டாப் வேரியன்ட்டுக்குப் போகவா, இல்ல நடு வேரியன்ட் எடுத்துட்டு போனை வெச்சு ஓட்டிக்கவா?” ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். டீ ஆறிப்போனது, முடிவு வரவில்லை. நான் மூன்றையும் ஓட்டிப் பார்த்தவன். என் பழைய ஹேட்ச்பேக்கில் ஏழு வருடம் ஸ்டாண்டில் போன்; இப்போதைய காரில் நான்கு வருடமாக ஆண்ட்ராய்டு ஆட்டோ, அதாவது போனில் ஓடும் மேப்பைக் காரின் திரையிலேயே காட்டும் வசதி; அண்ணன் காரில் உள்ளமைந்த மேப். அன்றைக்கு அவருக்குப் பாதியில் நின்றுபோன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். ஓட்டும்போது கண்ணும் கையும் எவ்வளவு நேரம் ரோட்டை விட்டு விலகுகின்றன? 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் போய்விடுகிறது. திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஸ்டாண்டில் போன்

செலவு சில நூறு ரூபாய். எந்தக் காருக்கும் பொருந்தும், இருபது வருடப் பழைய வண்டிக்கும் கூட. போன் மாறினால் மேப்பும் சேர்ந்து புதிதாகிவிடும். இந்த மூன்றும் பெரிய லாபங்கள் என்பதை ஸ்டாண்டைக் குறைத்துப் பேசுகிற நண்பர்கள் கவனிப்பதே இல்லை.

சிக்கல் ஒட்டுகிற இடத்தில் தொடங்குகிறது. கண்ணாடியில் ஒட்டும் வேக்யூம் ஸ்டாண்டு நம் ஊர் வெயிலில் இளகிவிடும். எனக்கு அது திம்பம் மலைப்பாதையில் நடந்தது. 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டாண்டு பிடி விட்டு, போனோடு என் காலடியில் விழுந்தது. பிரேக் பெடலுக்கு அடியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி, கை நடுக்கம் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அன்றோடு கண்ணாடியில் ஒட்டுவதை விட்டுவிட்டேன்.

ஏசி வென்ட்டில் கவ்வும் வகை இதைவிட நல்லது. பார்வை அதிகம் கீழே இறங்காது, குளிர்காற்று நேராகப் போனின் முதுகில் படும். இந்தக் குளிர்ச்சி சின்ன விஷயம் இல்லை. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. சித்திரை வெயிலில் திண்டிவனம் பக்கம் மதியம் ஓட்டினால் வெளியிலேயே அதைத் தாண்டிவிடும். ஜிபிஎஸ் ஓட, திரை முழு வெளிச்சத்தில் எரிய, சார்ஜும் ஏற, மேலே வெயிலும் அடித்தால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையை மங்கலாக்கும், சார்ஜை நிறுத்தும். வழி தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். கனமான போனாக இருந்தால் வென்ட்டின் மெல்லிய பிளாஸ்டிக் தகடு உடையவும் வாய்ப்பு உண்டு. அடியில் தாங்கு கால் உள்ள கிளிப்பாகப் பார்த்து வாங்குங்கள். எங்கே மாட்டினாலும் ஏர்பேக் விரியும் பாதையில் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி என்று சொல்கிறது. மற்றபடி கையில் போனோடு ஓட்டினால் அது ஆபத்தான ஓட்டுதல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஸ்டாண்டில் இருக்கும் போனில் வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்த்தால் விரல் தானாக அங்கே போகும். ஏழு வருடம் நான் போராடியது அதோடுதான்.

பைக்கிலும் இதே ஸ்டாண்டு யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிர்வு அதிகமுள்ள பைக்குகளின் ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டினால் ஐபோன் கேமராவின் செயல்பாடு பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ஸ்டாண்டு இல்லாமல் விலை உயர்ந்த போனை மாட்டாதீர்கள்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கான கார்பிளே 2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமானது. ஆண்ட்ராய்டு ஆட்டோ அதே வருடம் ஜூனில் அறிவிக்கப்பட்டு, 2015-ல் கைக்கு வந்தது. இரண்டிலும் மூளை போனில்தான் இருக்கிறது. காரின் திரை போன் அனுப்பும் படத்தைக் காட்டுகிறது, நம் தொடுதலைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஐந்து வருடப் பழைய காரிலும் நேற்று வந்த மேப் வசதி இன்றைக்கு ஓடுகிறது. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழேயே போக வேண்டுமா என்று முன்கூட்டிச் சொல்லும் வசதியை கூகுள் மேப்ஸ் 2024-ல் இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தபோது, என் காரை யாரும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகவில்லை. போன் அப்டேட் ஆனது, சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் நான் தடுமாறுவது குறைந்தது.

இன்னொரு லாபம், போன் கண்ணில் படாமல் இருப்பது. கன்சோல் பெட்டியில் போட்டு மூடிவிடலாம். செய்தி வந்தால் படித்துக் காட்டும், வாயாலேயே பதில் சொல்லலாம். வழி சொல்லும் குரலைத் தமிழுக்கு மாற்றிவிட்டேன். ஆங்கிலக் குரலின் வாயில் திருக்கழுக்குன்றம் படாத பாடு படும். தமிழில் ஊர்ப்பெயர் காதில் சரியாக விழுவதால் திரையைப் பார்க்கும் தேவையே குறைகிறது. இதைச் செய்யாத நண்பர்கள் இன்றைக்கே செய்து பாருங்கள்.

ஆனாலும் இதைப் பாதுகாப்புக் கவசம் போல நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் டிஆர்எல் ஆய்வு நிறுவனம், ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் அமைப்புக்காக 2020-ல் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்துச் சோதித்தது. திரையைத் தொட்டு இயக்கியபோது எதிர்வினை நேரம் கார்பிளேயில் 57 சதவீதமும், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் மந்தமானது. குரலால் இயக்கியபோது 36, 30 என்று இறங்கியது. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு வரை மது குடித்தவருக்கு ஆகும் மந்தம் 12 சதவீதம் என்று அதே அறிக்கை ஒப்பிட்டிருந்தது. இந்த எண்களைப் பார்த்த பிறகு ஓடும் வண்டியில் பாட்டு தேடுவதை நான் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருப்பவர் தேடட்டும், இல்லையென்றால் கிளம்பும் முன்பே பட்டியல் போட்டுக்கொள்வேன்.

சரி, ஒயரா, ஒயர் இல்லாமலா? டீக்கடையில் அதிகச் சத்தம் எழுந்தது இதற்குத்தான். ஒயர் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோ முதலில் ப்ளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு, பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் படத்தை அனுப்புகிறது. ஆபீஸ் போய்வர, கடைக்குப் போக இதைவிட வசதி கிடையாது. ஏறி உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். நீண்ட பயணத்தில் கதை வேறு. வைஃபை, ஜிபிஎஸ், மொபைல் டேட்டா எல்லாம் சேர்ந்து ஓடும்போது போன் சூடாகும். அதையே வயர்லெஸ் சார்ஜர் பலகையில் வைத்தால் சூடு இரட்டிப்பாகத் தெரியும். மதுரைக்குப் போகும்போது நான் கேபிளைத்தான் போடுகிறேன். சார்ஜும் ஏறும், இணைப்பும் நிலையாக இருக்கும்.

அந்த கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். “ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி கட் ஆகுது” என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை கேபிளை மாற்றியதும் சரியாகின. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இது ஓடவே ஓடாது. ஒரு மீட்டருக்குள் நீளம், டேட்டா போகும் நல்ல கேபிள், இரண்டும் போதும். போனின் சாக்கெட்டில் படிந்த பஞ்சையும் ஒரு மரக் குச்சியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். பழைய கார்களின் சாதாரண யூஎஸ்பி சாக்கெட் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது இரண்டரை வாட். மேப் ஓடும் போனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

காரோடு வரும் மேப்

இதற்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. கூரையில் தனி ஆன்டெனா, சக்கர வேகத்தைக் காட்டும் சென்சார், திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ எல்லாம் காருக்குள்ளேயே இருப்பதால், செயற்கைக்கோள் சிக்னல் அறுந்தாலும் கொஞ்ச தூரம் கணக்குப் போட்டே இடத்தைச் சொல்லிவிடும். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும் வழியில் குதிரான் சுரங்கப்பாதை இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அண்ணன் காரில் உள்ளே போனபோது அம்பு ஒழுங்காக நகர்ந்துகொண்டே இருந்தது. வரைபடமும் காரிலேயே இருப்பதால் டவர் இல்லாத காட்டிலும் ஓடும்.

இதே வேலையைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்த ஆஃப்லைன் மேப்பும் செய்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகும்போது டவர் வந்துவந்து போகும். வீட்டு வைஃபையில் இறக்கிய மேப் என்னை ஒருமுறையும் கைவிட்டதில்லை. நெரிசல் நிலவரம் மட்டும் தெரியாது.

உள்ளமைந்த மேப்பின் பலவீனம் வயது. நாம் போனை மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். கார் பத்து, பன்னிரண்டு வருடம் வீட்டில் நிற்கும். அண்ணன் காரில் புதிதாகப் போட்ட புறவழிச்சாலையில் போனால், திரையில் வண்டி வயல்காட்டுக்குள் ஓடுகிறது. அப்டேட்டுக்கு நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும். இணைய வசதியோடு வரும் கார்களுக்கும் இந்த வயது பிரச்சினை உண்டு. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த பல கார்களில் இணைய வசதிகள் அப்படியே நின்றுபோயின. வண்டி நன்றாகத்தான் இருந்தது. அது பேசிக்கொண்டிருந்த வலைதான் போய்விட்டது.

டாப் வேரியன்ட் என்றால் எல்லாம் மேல் என்றும் எண்ண வேண்டாம். ஹூண்டாய், கியா கார்களில் சில வருடங்கள் 8 அங்குலத் திரை வந்த நடு வேரியன்ட்டில் ஒயர் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோ இருந்தது, 10.25 அங்குலத் திரையும் உள் மேப்பும் வந்த மேல் வேரியன்ட்டில் கேபிள் போட வேண்டியிருந்தது. வாங்கப்போகிற அதே வேரியன்ட்டில் உங்கள் போனையே இணைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வெளியில் வாங்கிப் பொருத்தும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ஒரு வழி. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. ஒயரை வெட்டாமல், அப்படியே செருகும் கப்ளர் வைத்து மாட்டித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். வாரன்டியில் இருக்கும் காரில் ஒயரை வெட்ட விடவே விடாதீர்கள்.

திரை பற்றிச் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. ஸ்வீடனின் ‘வி பிலேகரே’ கார் பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை செய்தது. 110 கி.மீ. வேகத்தில் ஏசி, ரேடியோ போன்ற சாதாரண வேலைகளைச் செய்ய, பட்டன்கள் உள்ள 2005 மாடல் வோல்வோ வி70-ல் 10 விநாடிதான் ஆனது, 306 மீட்டர் தூரம். எல்லாம் தொடுதிரை என்றிருந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.6 விநாடி, வண்டி 1,372 மீட்டர் ஓடியிருந்தது. எனவே தம்பிக்கு நான் சொன்ன முதல் விஷயம் மேப்பே இல்லை. ஏசிக்கும் ஒலி அளவுக்கும் திருகும் குமிழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

அப்புறம் வரிசை. புதுக் கார் என்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் வருகிற நடு வேரியன்ட். உள் மேப்புக்காக மட்டும் மேலே போகத் தேவையில்லை. கூடுதல் ஏர்பேக்குக்காகப் போகிறார் என்றால் தாராளமாகப் போகட்டும். பழைய கார் ஓடிக்கொண்டிருந்தால் வென்ட் ஸ்டாண்டும் நல்ல 12 வோல்ட் சார்ஜரும் போதும், கிளம்பும் முன்பே வழியைப் போட்டுவிட வேண்டும், செய்தி அறிவிப்புகளை அணைத்துவிட வேண்டும். உள் மேப் ஏற்கெனவே இருப்பவர்கள் அதைக் காட்டுப்பாதைக்கும் சுரங்கத்துக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

தம்பி போன வாரம் நடு வேரியன்ட்டைப் புக் செய்துவிட்டார். டெலிவரி அன்றைக்கு ஒரு மீட்டருக்குள் நல்ல கேபிள் ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வண்டி வந்ததும் முதல் ஓட்டம் வால்பாறைக்கு.