டி5600, 200-500, நெல்லைக் குளங்கள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

நிக்கான் டி5600 கேமராவை 2018இல் வாங்கினேன். கூடவே வந்த 18-55, 70-300 லென்ஸ்கள் இரண்டும் இன்னும் கையில் இருக்கின்றன (எண்கள் மில்லிமீட்டரில் குவியத் தூரம்; எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). இடையில் 35எம்எம் எஃப் 1.8 ஒன்று சேர்ந்தது (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), அப்புறம் 200-500. இவ்வளவுதான் என் மூட்டை. விடுமுறை நாட்களில் திருநெல்வேலியைச் சுற்றியுள்ள குளங்களில் பறவைகளைப் படம் எடுப்பவன் நான். அதில் ஒரு பைசா வருமானம் கிடையாது, தேடியதும் இல்லை. "பறவை எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததால் இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்ற வேண்டிய கட்டாயம் எனக்கு இன்னும் வரவில்லை. லென்ஸ் மாறியபோது படங்கள் மாறின. எதை எடுக்க ஆசைப்பட்டேனோ அது மாறியபோது இன்னும் அதிகமாக மாறின.

தொடக்கத்தில் இருந்த ஆசை எல்லோருக்கும் இருப்பதுதான்: படம் நிறைய ஒரே பறவை, இறகு இறகாக எண்ணலாம் போன்ற துல்லியம், பின்னால் கரைந்துபோன பச்சை. அதற்கு 70-300 எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்றால், வயல்வெளி வரைக்கும் தாராளமாக. டிராக்டர் பின்னால் ஓடும் கொக்கு, மடை ஓரத்தில் அசையாமல் நிற்கும் மடையான், கரண்ட் கம்பியில் உட்கார்ந்த மீன்கொத்தி எல்லாம் அதில் நன்றாகவே வரும். எடை 415 கிராம்தான், கழுத்தில் தொங்குவதே தெரியாது. லென்ஸின் மேல் ஒரு சுவிட்ச் கூட இல்லை. விஆரை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) அணைக்க மெனுவுக்குள்தான் போக வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் நடுக்குளத்தில் நிற்கும் நாரைக்கு 300 போதாது. டி5600இன் சென்சார் சிறியது என்பதால் 300 கொடுப்பது 450க்கு ஈடான பார்வை. அப்படியும் நாரை ஒரு வெள்ளைப் புள்ளிதான்.

"வெட்டிக்கொள்ளலாமே, 24 மெகாபிக்சல் இருக்கே" என்பார்கள். 12க்கு 18 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்தால் 5400க்கு 3600 பிக்சல் வேண்டும். கேமரா தருவது 6000க்கு 4000. வெட்டுவதற்கு ஓரத்தில் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். போன் திரையில் பார்ப்பதோடு சரி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், அது வேறு கதை.

சரி, 200-500. நிக்கான் இதை 2015இல் கொண்டுவந்தது. 200இலிருந்து 500 வரை எங்கே நிறுத்தினாலும் எஃப் 5.6 மாறாது. டிரைபாடில் மாட்டும் காலுடன் சேர்த்து எடை 2300 கிராம். டி5600 பேட்டரியோடு அரைக்கிலோ கூட இல்லை. ஆக இரண்டையும் மாட்டினால் லென்ஸில் கேமரா தொங்குகிறது என்றுதான் சொல்ல வேண்டும். கேமராவைப் பிடித்துத் தூக்கவே கூடாது, எப்போதும் லென்ஸின் காலைப் பிடித்துத்தான். ஜூம் வளையம் நீண்ட சுற்று. கையை மாற்றிப் பிடித்துத்தான் 200இலிருந்து 500க்குப் போக முடியும். அதனால் பெரும்பாலும் 500லேயே வைத்துவிட்டு, பறவை அருகில் வந்தால் மட்டும் திருப்புகிறேன். பறப்பதை எடுக்கும்போது ஃபோகஸ் லிமிட்டரை (லென்ஸ் குறி தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்) 6 மீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒரு முறை குறி தப்பியதும் லென்ஸ் கிட்டத்திலிருந்து தேடத் தொடங்கும்; அது தேடி முடிப்பதற்குள் பறவை அடுத்த ஊர் போயிருக்கும்.

இந்த எடை என் நடையையே மாற்றிவிட்டது. முன்பு குளத்தைச் சுற்றிக் கால் வலிக்க நடப்பேன். இப்போது பைக்கைக் கரையில் நிறுத்தி, சீட்டின் மேல் ஒரு பையைப் போட்டு, அதன் மேல் லென்ஸைச் சாய்த்து, பைக்குக்கு மறுபுறம் குத்தவைத்துவிடுகிறேன். பை, பழைய ஜீன்ஸ் துணியைத் தையற்கடையில் கொடுத்துத் தைத்தது. உள்ளே கொள்ளு. கரையில் பைக்கும் ஆடும் மாடும் வந்துபோவது பறவைகளுக்குப் பழகிய விஷயம். எழுந்து நடமாடும் மனிதனைத்தான் பிடிக்காது. கொஞ்ச நேரம் போனால் முக்குளிப்பான் தானாகவே பக்கத்தில் வந்து எழும். காலை என்றால் கிழக்குக் கரை, வெயில் முதுகுக்குப் பின்னால். எந்தக் குளத்தில் எந்த மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது, மறுகால் எப்போது பாய்கிறது என்பதெல்லாம் உட்கார்ந்திருந்ததால் தெரிய வந்தவை. டிரைபாட் வாங்கினேன், கரையின் சரிவில் அதை நிமிர்த்துவதற்குள் பொழுது விடிந்துவிடும். வீட்டில் இருக்கிறது.

இந்த லென்ஸைப் பற்றிப் பேசினால் "500இல் ஷார்ப் இல்லை" என்ற புகார் கட்டாயம் வரும். தென் தமிழ்நாட்டில் இதற்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம் என்பது என் கட்சி. தரை சூடேறியதும் அதை ஒட்டிய காற்றும் சூடேறுகிறது. அடர்த்தி குறைந்த சூடான காற்றும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றும் கலந்து கொதிக்கும்போது, ஒளி அதன் வழியே வளைந்து நெளிந்து வருகிறது. தார் ரோட்டில் கானல் தெரிவது இதனால்தான். 500எம்எம் பறவையோடு சேர்த்து அந்த நெளிவையும் பெரிதாக்கித் தருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் குளம் பாதி வற்றி, சேறு காய்ந்து வெடித்த தரைக்கு மேலே எடுக்கும்போது எட்டரை, ஒன்பது மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும். லைவ் வியூவை வைத்து, திரையில் பெரிதாக்கி, அசையாமல் நிற்கும் பறவையின் முதுகு ஓரத்தைப் பாருங்கள். அந்த விளிம்பு நடுங்கினால் எந்த லென்ஸாலும் பயனில்லை, டீ குடிக்கப் போகலாம். பத்து மீட்டரில் இருக்கும் மடையான் துல்லியமாகவும், நூறு மீட்டரில் இருக்கும் கரண்டிவாயன் குழைவாகவும் வந்தால் லென்ஸைச் சந்தேகப்பட வேண்டாம். கார்த்திகை மாதத்தில், மழை விட்ட மறுநாள் காலையில் அதே கரண்டிவாயனை எடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் குழைவாக இருந்தால்தான் ஃபோகஸ் முன்பின் விலகலை யோசிக்க வேண்டும். டி5600இல் அதைத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் டியூன் வசதி கிடையாது. லென்ஸையும் பாடியையும் சேர்த்து சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பாடியைப் பற்றி. 39 ஃபோகஸ் புள்ளிகள், அவற்றில் ஒன்பதுதான் குறுக்கு வகை (நெடுக்கு, கிடை இரு கோடுகளையும் பிடிப்பவை). பறப்பதற்கு நடுப்பகுதியைத்தான் நம்புகிறேன். நொடிக்கு 5 படம், ஆனால் ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) 14 பிட்டில் வைத்தால் 4தான். 12 பிட்டுக்கு மாற்றினால் 5 கிடைக்கும். பறவைகள் சிறகடிக்கும் வேகத்துக்கு அந்த ஒன்று முக்கியம். 14க்கும் 12க்கும் உள்ள வித்தியாசத்தை நிழல்களை ஏகத்துக்கும் தூக்கினால் ஒழிய என் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஏஇ-எல் பொத்தானை ஃபோகஸுக்கு மாற்றிக்கொண்டேன். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் ஆசை வேண்டாம்: 5.6 என்பது 8 ஆகிவிடும், இந்த பாடியின் ஆட்டோஃபோகஸ் 5.6 வரைக்கும்தான் உத்தரவாதம்.

ஒற்றை டயல் கேமரா என்பதால் ஒரு சிக்கல் உண்டு. மேனுவல் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்வது) போட்டுக்கொண்டு எடுப்பவர்கள், வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க வழக்கமான பிளஸ்-மைனஸ் பொத்தானை அழுத்தி டயலைத் திருப்பினால் அப்பெர்ச்சர்தான் (லென்ஸ் திறப்பு) மாறும். ஐ பொத்தானை அழுத்தித் திரைக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். கருந்தண்ணீரில் நிற்கும் வெள்ளைக்கொக்கை மீட்டர் எப்போதும் வெளுக்க வைத்துவிடும் என்பதால் இது அடிக்கடி தேவைப்படும். நான் இப்போது வெயில் ஏறியதும் ஆட்டோ ஐஎஸ்ஓவையே அணைத்துவிடுகிறேன். 1/2000, எஃப் 8, ஐஎஸ்ஓ 400. மேகம் குறுக்கே வராதவரை வெள்ளைப் பறவைகளுக்கு இது போதும். பின்னணி தண்ணீரா வானமா என்று கவலைப்பட வேண்டாம்.

பேட்டரியைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. நிறுவனக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 970 படம்.

வளர்ச்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பைச் சொல்வேன். 2011 முதல் ஜனவரி மாதத்தில் நடக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து போவார்கள். கேமரா இருக்கிறதே என்று என்னையும் ஒரு குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே அழகான படத்தை யாரும் கேட்கவில்லை. "அந்த ஆலா மீசை ஆலாவா, பருத்த அலகு ஆலாவா? அலகு தெரியுற மாதிரி ஒண்ணு எடுங்க சார்" என்றார்கள். குளிர்காலத்தில் இரண்டும் வெளிர்சாம்பல்தான். உருவமும் அலகின் பருமனும்தான் அடையாளம். மங்கலான, கோணலான, வானம் வெளுத்த ஒரு படம். அதில் தடித்த கறுப்பு அலகு தெரிந்தது. பெயர் பட்டியலில் ஏறியது. அன்று முதல் என் வன்தட்டில் அழிக்காமல் வைக்கும் படங்களின் வகையே மாறிவிட்டது. இ-பேர்டில் (பறவைப் பதிவுக்கான இணையதளம்) பட்டியலோடு படங்களையும் ஏற்றுகிறேன். கொசு உள்ளான் எப்படிக் கொத்துகிறது, நத்தை குத்தி நாரை நத்தையை அலகில் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், ஷட்டரை எப்போது அழுத்த வேண்டும் என்பது தானாக வரும். நொடிக்கு 5 படத்தின் குறை அப்போது பெரிதாகத் தெரிவதில்லை.

இன்னொரு திருப்பம் கூந்தன்குளத்தில். நாங்குநேரி வட்டத்துக் கிராமம், 1994இல் சரணாலயம் ஆனது, 2022இல் ராம்சார் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்துகளை எடுக்க எல்லோரும் குளத்துக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஊரின் அதிசயம் தெருவுக்குள் இருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கீழே துணி காய்கிறது, மேலே குஞ்சுகள் கத்துகின்றன. 500ஐ அண்ணாந்து பிடித்தால் ஒரு நாரையின் தலை மட்டும் வரும். வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "நம்ம வீட்டு மரத்துலதான இருக்கு, அதுக்கு இம்புட்டுப் பெரிய குழாயா தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. 18-55ஐ மாட்டினேன். கூடு, எச்சம் வழிந்த ஓடு, தண்ணீர்க் குடம், சைக்கிள் எல்லாம் ஒரே படத்தில் வந்தன. இருட்டும் நேரத்துக்கு 35எம்எம், எஃப் 2இல். என் படங்களில் நானே திரும்பிப் பார்ப்பவை இப்போது இவைதான். கூட்டை மறைக்கிறது என்று கிளையை ஒடிப்பவர்கள், ஃபிளாஷ் போடுபவர்கள் இங்கே வரவே வேண்டாம். ஊர்க்காரர்களே விரட்டிவிடுவார்கள், நல்லது.

இந்தச் சீமையில் படக்கருவியைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், அதுவும் வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில். அதற்கு சூப்பர் பாண்டெரோசா என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். தனக்கு வேண்டியது என்ன என்று தெரிந்தவருக்குக் கடையில் கிடைப்பது பொருந்தவில்லை, செய்துகொண்டார். நமக்கோ கடையில் கிடைப்பதில் எது வேண்டும் என்பதே தெரிவதில்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதுதான் பயம். டிரை கேபினட் வாங்கவில்லை; இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறட்டிக்கொள்ளலாம், அந்த வாணலி அதற்கு மட்டும்தான். லென்ஸைப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் ஆகாது.

மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) மாறவில்லையா என்கிறீர்களா? நண்பர் ஒருவரின் நிக்கான் இசட்50-2ஐ அடாப்டரோடு என் 200-500இல் மாட்டிப் பார்த்தேன். பறவையைத் தானே கண்டுபிடித்து, கொக்கின் கண்ணில் கட்டம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு டி5600இன் 39 புள்ளி பழைய காலம் என்பதில் சந்தேகம் இல்லை. ஷட்டரை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பிருந்தே படங்களைச் சேமிக்கும் வசதியும் உண்டு. மீன்கொத்தி பாய்வதை எடுப்பவர்களுக்கு அது வரம். மறுபக்கம், அதில் பேட்டரி டி5600இல் நிற்பதில் ஏறக்குறைய கால்பங்குதான் நிற்கும். பறப்பதே உங்கள் குறி என்றால் இன்று புதிதாக வாங்குபவர் யோசிக்காமல் அதற்குப் போகலாம். நான் பைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்ததை எடுப்பவன். இந்த ஷட்டர் போகிற வரைக்கும் போகட்டும்.

புதியவர்களுக்கு என் யோசனை: பழைய டி5600, 70-300 ஜோடி கிடைத்தால் எடுங்கள், ஒரு பருவம் முழுக்க அதிலேயே ஓட்டுங்கள். 200-500ஐயும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். வாங்கும்போது 500க்கு நீட்டி, முன் குழல் ஆடுகிறதா என்று பாருங்கள். டார்ச் அடித்து உள்ளே வலை போல ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். விஆரைப் போட்டு வ்யூஃபைண்டர் நிலைக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.