சேலத்திலிருந்து துறைமுகம் வரை: போல்ட் சீலா, இ-சீலா, ஜி.பி.எஸ். பூட்டா?

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை 60 கிலோ மூட்டையாக 320 ஏறினால் 20 அடி கன்டெய்னர் நிறைந்துவிடும். சென்னைத் துறைமுகம் சுமார் 340 கி.மீ. வழியில் ஒரு மூட்டை இறங்கினாலும் எடைமேடை காட்டிக்கொடுக்காது. வண்டி எரிக்கும் டீசலே ஏறக்குறைய அந்த எடை வரும். ஆகவே கதவில் மாட்டும் சீல்தான் சாட்சி.

சாதா போல்ட் சீல், அதாவது வெட்டினால் மட்டுமே கழலும் இரும்பு ஆணிப் பூட்டு, மலிவு. கன்டெய்னர் சீலுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17712-இல் ‘எச்’ (உயர் பாதுகாப்பு) முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். 10 கிலோநியூட்டன் (ஏறக்குறைய ஒரு டன் எடை) இழுவிசை தாங்கும். அது வெட்டப்பட்டதா என்று யாராவது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். வெட்டிவிட்டு வேறொன்றை மாட்டினால், எண்ணை ஒப்பிடாத வரை தெரியாது.

இ-சீல் என்பது அதே போல்ட்டில் ஆர்.எஃப்.ஐ.டி. சிப், அதாவது ரீடர் கருவி ரேடியோ அலையால் படிக்கும் சிப். ஆலையிலேயே சுயமாக சீல் வைத்து முழு கன்டெய்னர் அனுப்புவோருக்கு 2017-இல் சுங்கத்துறை கொண்டுவந்தது இதைத்தான். வெட்டினால் ரீடரால் சிப்பைப் படிக்க முடியாது. சிக்கல் பெரும்பாலும் பதிவில்தான் வரும்: ஐ.இ.சி. (ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்), ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்) எண், சீல் எண், சீல் வைத்த நேரம், கன்டெய்னர் எண், டிரெய்லர் எண். ஓர் இலக்கம் பிசகினாலும், பழுதாகி வழியில் டிரெய்லரை மாற்றினாலும் துறைமுகத்தில் பெட்டி பரிசோதனைக்கு ஒதுங்கும், கப்பலையே தவறவிடலாம். மாட்டியபின் இழுத்து, திருகிப் பாருங்கள். சிப் உள்ள பாகம் கதவு இரும்போடு ஒட்டிக் கிடந்தால் ரீடர் தடுமாறும்.

ஜி.பி.எஸ். பூட்டு எங்கே, எப்போது திறந்தது என்று உடனே சொல்லும். ஆனால் வாடகை, சார்ஜ், திருப்பி வாங்கும் வேலை எல்லாம் உண்டு. துறைமுகத்தில் கழற்றிவிடுவதால் கடலில் உதவாது. சுங்கத்துறையின் இ-சீலுக்கு மாற்றாகவும் ஆகாது.

மூன்றுமே தோற்கும் இடம் ஒன்று உண்டு: கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட் (தட்டி இறுக்கிய ஆணி). அதை அறுத்துக் கதவைத் திறந்து, ரிவெட் இருந்த இடத்தில் ஒரு போல்ட் போட்டு பெயின்ட் அடித்தால் சீல் அப்படியே இருக்கும். காலிப் பெட்டி ஆலைக்கு வந்ததுமே ரிவெட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ, புதுப் பெயின்ட் தெரிந்தாலோ பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்றி முடித்ததும் அவற்றைக் கிட்டத்தில் படம் எடுத்து சி.எச்.ஏ.வுக்கு (சுங்க வேலையைப் பார்க்கும் முகவருக்கு) அனுப்பிவையுங்கள்.

ஜவ்வரிசி, துருப்பிடிக்காத எஃகுச் சுருள் போன்ற சரக்குக்கு இ-சீல் போதும். எளிதில் விலைபோகும் காப்பிக்கு, இரவில் நிறுத்தும் வண்டி என்றால், ஜி.பி.எஸ். பூட்டையும் சேர்த்துப் போடுவேன்.