எட்டு டிகிரி உயரத்தில் துருவ நட்சத்திரம்: ஸ்டார் டிராக்கருடன் ஐந்து வருடம்

2021 ஜனவரியில் ஒரு சின்ன ஸ்டார் டிராக்கர் வாங்கினேன். ட்ரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற, டிபன் பாக்ஸ் அளவுள்ள மோட்டார் அது. பூமி சுழல்வதால் வானம் நகர்வதுபோல் தெரிகிறது அல்லவா, அந்த நகர்வுக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதனால் எக்ஸ்போஷர் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) நீண்டாலும் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழும்.

வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை, திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊரான மணப்பாடு, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி என்று ஐந்து வருடம் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் பட்ட பாடு பெரும்பாலும் நம் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதால் வந்தது.

கருவியின் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுவதுபோல் தெரிகிறதோ அந்தப் புள்ளியை, பார்த்து நிற்க வேண்டும். அதற்குத் துருவ நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் அது தெரியும். லண்டனில் 51. கொடைக்கானலில் 10. மணப்பாட்டில் எட்டுச் சொச்சம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. நமக்கு அந்த ஒரு முஷ்டிக்குள்தான் மரமும் மலையும் தெருவிளக்கும் கடல் மூட்டமும் இருக்கின்றன.

முதல் தடவை பூம்பாறைக்குப் போனபோது இது எனக்குத் தெரியாது. பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்குகிற ஒரு தோட்டத்தில், உரிமையாளரிடம் கேட்டு, வீட்டு வாசலிலேயே ட்ரைபாடை வைத்தேன். (காட்டுமாடு நடமாடுகிற ஊர். இருட்டில் வயலுக்குள்ளோ காட்டுக்குள்ளோ இறங்காதீர்கள்.) தெற்கே பார்வைக்குத் தடையே இல்லை. வடக்கே ஒரு யூகலிப்டஸ் தோப்பு. துருவ நட்சத்திரம் அதற்குப் பின்னால். இது போதாதென்று, ட்ரைபாடின் ஒரு கால் வடக்கே இருக்க வேண்டும் என்று கையேடு சொன்னபடி வைத்தால், அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடப்பதால் கேமராவின் எடைக்கு ஈடாக மாட்டும் எதிர்எடைத் தண்டு அந்தக் காலிலேயே இடித்தது. இரவு இரண்டரைக்கு ஆரம்பித்தவன், விடியும் நேரம் வரை அதோடு மல்லுக்கட்டினேன். அதற்குள் பால்வீதி உச்சிக்கு வந்து, கிழக்கும் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

தீர்வு மிகவும் எளிது. ஒரு காலைத் தெற்கே வையுங்கள். எதிர்எடை வடக்கே இருக்கும் இரண்டு கால்களுக்கு நடுவில் தாராளமாகச் சுழலும். நட்சத்திரம் மறைந்திருந்தால் போன் போதும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். இது நமக்கு வாய்த்த வசதி. திசைகாட்டியில் வடக்கைப் பிடித்து, சாய்வு காட்டும் செயலியை வைத்து அச்சை ஊரின் அட்சரேகைக்குச் சாய்த்துவிடலாம். திசையைப் பார்க்கும்போது மட்டும் போனைக் கருவியிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பிடியுங்கள். இரும்பும் மோட்டாரும் முள்ளை இழுத்துவிடும்.

இந்த உத்தேசக் கணக்கு எவ்வளவு தாங்கும்? ஒரு டிகிரி தவறினால் ஒரு நிமிட எக்ஸ்போஷரில் நட்சத்திரம் அதிகபட்சம் 16 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) நகரும். 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் 24 எம்எம் லென்ஸுக்கு அது அரை பிக்சல், 50 எம்எம்முக்கு ஒரு பிக்சல். கண்ணுக்கே தெரியாது. 135 எம்எம் போட்டால் இரண்டரை பிக்சலைத் தாண்டும். அப்போது துருவ நட்சத்திரத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

14 எம்எம் லென்ஸில் மலையும் பால்வீதியுமாக அகலமாக எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால், டிராக்கர் வாங்க வேண்டாம். 15 விநாடி வீதம் இருபது படம் எடுத்து ஸ்டாக் செய்தாலே (கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினாலே) அருமையாக வரும். நானே அகலப் படங்களுக்கு இப்போது டிராக்கரை மாட்டுவதில்லை. அதை மாட்டினால் படத்தில் வானம் நிற்கும், நிலம் நகரும். நிலத்தை மோட்டாரை நிறுத்திவிட்டுத் தனியாக எடுத்து ஒட்ட வேண்டும். யூகலிப்டஸ் இலை வானத்தோடு கலக்கும் இடத்தில் அந்த ஒட்டு எனக்கு ஒருநாளும் சுத்தமாக வந்ததில்லை. மொட்டைப் பாறையோ வெறும் மலைவிளிம்போ இருந்தால் வரும். பாதி வேகத்தில் ஓடவிட்டும் பார்க்கலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நகரும், எக்ஸ்போஷரை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

50 எம்எம்முக்கு மேலேதான் இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்கிறது. தேளின் கொடுக்கில் இருக்கும் மூலம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் நம் பால்வீதியின் மையம். பூம்பாறையில் அது 50 டிகிரி உயரம் வரை ஏறும். லண்டன்காரருக்குப் பத்து டிகிரிகூட இல்லை. துருவ நட்சத்திரத்தைத் தாழ்த்திய அதே அட்சரேகைதான் தெற்கு வானத்தை நமக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. மாசி, பங்குனி அமாவாசைகளின் பின்னிரவுதான் எனக்குப் பிடித்த காலம். அப்புறம் மழைமேகம் மலையேறிவிடும்.

2024 செப்டம்பர் கடைசியில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தை மணப்பாட்டுக் கடற்கரையில் விடியும் முன் எடுத்தேன். வெளிச்சம் வந்துவிட்டதால் இரண்டு, மூன்று விநாடிகளே போதுமாக இருந்தன; டிராக்கர் பையிலேயே கிடந்தது. 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்துக்கோ அது இல்லாமல் முடிந்திருக்காது. இரவு 11 மணியிலிருந்து 82 நிமிடம் முழு மறைவு. செம்பு நிறத்தில் மங்கிய நிலவுக்கு 300 எம்எம்மில் நான்கு விநாடி தேவைப்பட்டது. மொட்டை மாடியில் வேகத்தைச் சந்திரனுக்கு மாற்றிவைத்து, மேகம் விலகிய போதெல்லாம் எடுத்தேன். கிரகண நிலவைச் சுற்றி நட்சத்திரங்களும் சேர்ந்து விழுந்த படங்கள் அவை.

தேய்மானத்தையும் சொல்ல வேண்டும். அச்சைச் சாய்க்கும் திருகு, தாழ்ந்த கோணத்தில் மொத்த எடையும் அதன்மேல் இறங்குவதால், இரண்டாம் வருடமே வழுக்க ஆரம்பித்தது. லேத் பட்டறையில் எவர்சில்வரில் ஒன்று கடைந்து போட்டேன், இன்றுவரை அசையவில்லை. கடற்கரைக்குப் போய்வந்தால் ஈரத்துணியால் துடைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். மோட்டார் ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை.

போன பங்குனியில் மணப்பாட்டில் 135 எம்எம்மை மாட்டிவிட்டு, மூட்டத்தில் துருவ நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் பக்கத்தில் வந்தார்.

“என்ன தேடுதீங்க அண்ணாச்சி?”

“துருவ நட்சத்திரம்ணே. சிக்க மாட்டேங்குது.”

“அந்தா, பனைக்கு மேல நிக்குல்லா.”

அவர் விரல் காட்டிய இடத்தில்தான் இருந்தது. அன்றைக்கு ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்தை ஒரு நிமிடம் வீதம் நாற்பது படம் எடுத்தேன். வட அட்சரேகை 43 டிகிரிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு அடிவானத்துக்கு மேலேயே வராத கொத்து அது. ஸ்டாக் செய்து பெரிதாக்கினால், தட்டில் ரவையைக் குவித்ததுபோல, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மணிமணியாகப் பிரிந்து தெரிகிறது. அடுத்த மாசி அமாவாசைக்கு அதே பனைக்குப் பக்கத்தில்தான் ட்ரைபாடை வைக்கப்போகிறேன்.