அக்கி ஒருமுறை வந்தவருக்குத் தடுப்பூசி: உடனேயா, ஓராண்டு கழித்தா, வேண்டவே வேண்டாமா?

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்தில் அக்கி வந்து தேறியவரிடம் இரண்டு விதமாகச் சொல்லி அனுப்புவார்கள். அம்மையைப் போல இதுவும் ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பார் ஒருவர். உடம்பில் சூடு இருக்கும்வரை ஒவ்வொரு கோடையிலும் எட்டிப் பார்க்கும் என்பார் இன்னொருவர். இந்த இரண்டில் எதை நம்பியும் தடுப்பூசி குறித்து முடிவெடுக்க முடியாது.

சின்னம்மை ஆறிய பின்னும் அதன் வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் எதிர்ப்பாற்றல் வயதாலோ, நோயாலோ, மருந்தாலோ தளரும்போது, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் கட்டுகிறது. வேலூர் வெயிலுக்கு இதில் பங்கில்லை. அக்கி வந்து போவதே அந்த எதிர்ப்பாற்றலுக்கு ஒரு தூண்டுதலாகிவிடுவதால், அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவது அரிது. ஆனால் அந்தத் தூண்டுதல் நிலைத்து நிற்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்ட மக்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு செய்து 2011-ல் வெளியான ஆய்வில், முதல் அக்கிக்குப் பின் எட்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 6 சதவீதம் பேருக்கு அது திரும்பியிருந்தது. முதல்முறை வருவதற்கான வாய்ப்போடு ஒப்பிட்டால் இது பெரிதாகக் குறைந்ததல்ல. பெண்களுக்கும், முதல் அக்கியின் வலி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தவர்களுக்கும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் அது கூடுதலாகத் திரும்பியிருந்தது.

ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும் வழிக்கு முதல் ஓராண்டில் நியாயம் இருக்கிறது. பணமும் மிச்சம், ஊசிக்குப் பின் வரும் கைவலியும் காய்ச்சலும் இல்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர் அதையே பத்து ஆண்டுகளுக்கு நீட்டினால், வயது ஏற ஏறக் கூடும் ஆபத்தையும், புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் எரியும் நரம்பு வலியையும் கணக்கில் சேர்க்காமல் விட்டவராவார்.

புண் ஆறியதும் ஊசி என்பது அமெரிக்கப் பரிந்துரையின் போக்கு. தீவிர நிலை அடங்கிய பிறகு இத்தனை காலம் பொறுக்க வேண்டும் என்று அது வரையறுப்பதில்லை. எதிர்ப்பாற்றல் சரியாக உள்ளவர் ஓராண்டு பொறுக்கட்டும் என்கிறது பிரிட்டன். இந்தியாவில் 2023 முதல் கிடைக்கும் ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரு தவணையாகப் போடப்படுவது. உயிருள்ள வைரஸ் இல்லாதது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில் இது 97 சதவீதம் அளவுக்கு அக்கியைத் தடுத்தது. ஆனால் ஏற்கெனவே அக்கி வந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதால், அந்த எண்ணை அப்படியே அவர்களுக்குப் பொருத்தக் கூடாது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் இரு தவணைக்கும் கைக்காசுதான். மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர் ஓராண்டு பொறுத்துப் பணம் சேர்த்துப் போட்டுக்கொள்வதால் இழப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதே என் முடிவு.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு தொடர்பவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நடந்தது. அன்று முதல் அத்தகைய நோயாளிகள் நிறைந்த ஊர் இது. அவர்களுக்கு அக்கி திரும்பும் வாய்ப்பு அதிகம். வந்தால் பரவலாகவும் கடுமையாகவும் வரக்கூடும். எனவே ஓராண்டு என்ற விதியைப் பிடித்துக்கொள்ளாமல், எப்போது போடலாம் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் அடுத்த பரிசோதனையிலேயே கேட்டுவிட வேண்டும். மாத்திரைகளின் அளவைப் பொறுத்து அவர் நாள் குறிப்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை, அதே இடத்தில் கொப்புளம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் அக்கியாக இருக்காது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு வைரஸ் அப்படி வரும். அதற்கு இந்த ஊசி பயன்படாது. ஊசிக்குச் செலவழிக்கும் முன் கொப்புள நீரைச் சோதித்துக்கொள்வது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அக்கி திரும்பினால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். குயவர் வீட்டில் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதற்காக அலையும் இரண்டு நாளில் மாத்திரைக்கு உரிய நேரம் போய்விடுகிறது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.