இளம்பிள்ளைச் சேலை, சேலம் வெண்பட்டு: ஊருக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சேலம் வருகிறவர்கள், சொந்தபந்தத்துக்கு எடுத்துக் கொடுக்கும் சேலையையும் கல்யாணப் பட்டு வேட்டியையும் ஒரே கடையில் முடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சரக்கு.

எடுத்துக் கொடுக்கும் சேலைக்கு இளம்பிள்ளை போதும். சேலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், கஞ்சமலைப் பக்கம். டவுன் பஸ்ஸே போகிறது. பெரும்பாலும் விசைத்தறிச் சரக்கு. ‘சாஃப்ட் சில்க்’ என்று போட்டிருந்தாலும் பாலியஸ்டரோ செயற்கைப் பட்டோதான் அதிகம். தெரிந்தே வாங்கினால் கொடுக்கும் காசுக்கு மோசமில்லை. முதலில் கேட்க வேண்டியது, சொல்வது செட் விலையா, ஒத்தைச் சேலை விலையா என்று. செட் என்றால் ஒரே டிசைனில் பல கலர். “சிங்கிளா எடுத்தா ரேட்டு வேறங்க அக்கா” என்று பில் போடும்போது சொன்னால், அங்கே நின்று மல்லுக்கட்டிப் பயனில்லை. ஒவ்வொன்றையும் முழுக்கப் பிரித்துப் பாருங்கள். ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டராவது இருக்க வேண்டும். இழை அறுந்த கோடு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். கலரை வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். கடை விளக்கு ஏமாற்றும்.

கல்யாண வேட்டிக்கு வெண்பட்டு, அது சேலத்தின் கைத்தறிப் பட்டு. புவிசார் குறியீடு பெற்றது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையிலோ கோ-ஆப்டெக்ஸிலோ கேளுங்கள். 8 முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர். சில்க் மார்க் சீட்டு பட்டுக்கு மட்டுமே பொறுப்பு, ஜரிகைக்கு இல்லை. பட்டில் சந்தேகமா? ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்தச் சொல்லுங்கள். பட்டென்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். ஜரிகை அசலா, வெள்ளி குறைந்த ‘ஹாஃப் ஃபைனா’, ‘டெஸ்டடா’ என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டெஸ்டடில் இருப்பது செம்புக் கம்பி, நாள்பட்டால் கறுக்கும்.

வெளிநாட்டு கார்டு சின்னக் கடை மெஷின்களில் ஓடாமல் போகலாம். ரொக்கம் வைத்திருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் யுபிஐயைக் கிளம்புமுன்பே சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

சேலையை வாங்கிய அன்றே தையலுக்குக் கொடுங்கள். பால்ஸும் ஓரமும் சீக்கிரம் முடியும். ரவிக்கையும் குச்சு கட்டுவதும்தான் இழுக்கும். முகூர்த்த மாதத்திலும் தீபாவளியை ஒட்டியும் அவசர வேலையைக் கையிலேயே வாங்கமாட்டார்கள். சரியாகப் பொருந்தும் அளவு ரவிக்கை ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால், அளவெடுக்கவும் திருத்தவும் நடக்கும் நடை மிச்சம்.