ஹையர் பாஸ் பண்ணிவிட்டு மறுபடியும் இன்ஸ்டிட்யூட் போன கதை

தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்துவிட்டுத்தான் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தேன். நிமிடத்துக்கு 45 சொல். ஆனால் அது தாளைப் பார்த்து அடிக்கிற வேகம் என்பது குறுக்கு விசாரணைக்கு உட்கார்ந்த அன்றைக்குத்தான் உறைத்தது. வக்கீல் கேட்கிறார், சாட்சி வாய்க்குள் முனகுகிறார், ஜட்ஜ் அதை வாக்கியமாக்கிச் சொல்கிறார், நான் இரண்டு வாக்கியம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். 'நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல' என்பதில் கடைசிச் சொல் வெறும் 'சரி' ஆகிவிட்டது. சாட்சிக்குப் படித்துக் காட்டும்போது மாட்டியது, இல்லாவிட்டால் சாட்சியமே தலைகீழ்.

அப்புறம்தான் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாதம் 800 ரூபாய் கட்டி மூன்று மாதம் போனேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

முதல் இரண்டு வாரம் மாஸ்டர் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. பழைய டைப்ரைட்டர் மெஷின், முதல் பாடமான 'யளனகபக'விலிருந்து மறுபடியும். பத்தாவது படிக்கிற பிள்ளைகள் நடுவே உட்கார வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் இருக்கிறது: மெஷினில் பேக்ஸ்பேஸ் அடித்தால் நகரும், அழியாது. தப்பு தாளிலேயே நிற்கும். என் தப்புகளில் பாதிக்கு மேல் மெய்யெழுத்துப் புள்ளி விட்டுப்போவது என்று அப்போதுதான் தெரிந்தது. மெஷினில் புள்ளி வலது சுண்டுவிரலில் வரும், என் சுண்டுவிரல் அவசரத்தில் சும்மா தடவிவிட்டுப் போய்விடும். அதற்கென்றே தினமும் ஒரு பக்கம் 'வந்தார், சென்றார், பார்த்தார்' அடிக்க வைத்தார்.

காசுக்குத் தகுந்தது டிக்டேஷன்தான். பழைய டெபோசிஷன் (கோர்ட்டில் பதிவு செய்த சாட்சியம்) பாணியில் மாஸ்டரே எழுதி வைத்த தாளை முதலில் மெதுவாகவும் அப்புறம் வேகமாகவும் படிப்பார், நடுவில் வேண்டுமென்றே நிறுத்துவார், சொன்னதை மாற்றிச் சொல்வார். ஒரு பக்கத்தில் மூன்று தப்புக்கு மேல் வந்தால் வேகத்தைக் கூட்டவே மாட்டார். எரிச்சலாக வரும். ஆனால் இரண்டாம் மாதக் கடைசியில், ஒரு வாக்கியத்தைக் காதில் வைத்துக்கொண்டு முந்தைய வாக்கியத்தை அடிக்கிற பழக்கம் வந்துவிட்டது, கோர்ட்டில் எனக்கு வேண்டியதும் அதுதான்.

குறைகள்? இரண்டு மெஷினில் ரிப்பன் மங்கிப்போய் எழுத்தே தெரியாது, கேட்டால் 'நாளைக்கு' என்பார்கள். கம்ப்யூட்டர் ஆறில் நாலுதான் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிற தமிழ்99 விசைப்பலகை சொல்லித்தர ஆளே இல்லை, 'கக' அடித்தால் தானாக 'க்க' ஆகும் என்பதைக்கூட நானாகத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் கோர்ட்டில் அந்த விசைப்பலகைதான், அதனால் மெஷினில் பழகிய கையை வீட்டில் தனியாக மாற்றிப் பழக வேண்டியிருந்தது.

லோயர், ஹையர் பரீட்சைக்கு மட்டும் படிக்கிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். கோர்ட் வேலையில் இருப்பவர்கள் காலை ஆறரை மணி பேட்சில் சேருங்கள். சாயங்காலம் கூட்டம் அதிகம், டிக்டேஷன் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது.