ராக்லெட் அடுப்பு: காட்பாடி வீட்டில் மூன்று வருடம்

சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் தம்பி லீவில் வந்தபோது பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தது இந்த 1200 வாட் அடுப்பு. மேலே காய் வாட்ட ஒரு கல், கீழே சீஸ் உருக்க எட்டு குட்டித் தட்டுகள். அந்த ஊர் வலே மலைப்பகுதிச் சாப்பாடு இது. உருகிய சீஸை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுவார்கள். ராக்லெட் என்ற பெயரே வழிப்பது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. முதல் தடவை அடாப்டர் போட்டு, மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினோம். அரை மணியில் பிளாஸ்டிக் கருகிய வாடை! மறுநாளே எலக்ட்ரீஷியனை வைத்து 16 ஆம்பியர் பிளக் மாற்றினேன். நேராகச் சுவரில்தான் சொருக வேண்டும்.

அசல் ராக்லெட் சீஸ் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. மொசரெல்லா மட்டும் போட்டால் நூலாக இழுக்கும், ஆறினதும் ரப்பர். செடார் மட்டும் என்றால் எண்ணெய் பிரியும். இரண்டையும் பாதிப் பாதி துருவிப் போட்டால் சரியாக வருகிறது. பன்னீர் வேண்டாம். புளிப்பு சேர்த்துத் திரித்தது, வாடுமே தவிர உருகாது. ஆளுக்கு 100 கிராம் சீஸ் தாராளம்.

எங்கள் வீட்டில் பேர் வாங்கியது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். மெல்லிய வில்லையாக நறுக்கி, உப்பு மிளகு தடவி, நல்லெண்ணெய் விட்டு மேல்கல்லில் வாட்ட வேண்டும். அதற்குள் கீழே தட்டில் சீஸ் குமிழ் விட்டு, ஓரம் பொன்னிறமாகச் சிவக்கும். அந்த நொடியில் எடுத்து, மரக்கரண்டியால் கத்திரிக்காய் மேல் வழித்தால்... அந்த முறுகின ஓரத்துக்குத்தான் போட்டி. திகட்டாமல் இருக்க வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம் கட்டாயம் பக்கத்தில் வேண்டும்.

வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் இதைத் தொடவே மாட்டோம். கார்த்திகை, மார்கழி ராத்திரிதான் இதற்கு நேரம். பிரியாணி என்றால் அரை மணியில் கை கழுவிவிடுவோம். இதில் அவரவர் தட்டு உருகக் காத்திருக்கிறோம், ஒரே மேசையில் மூன்று மணி நேரம் போகிறது. சமையலறையில் யாரும் தனியாக நிற்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கழுவுவதும் சிரமமில்லை, சூடு இருக்கும்போதே தட்டுகளை மட்டும் எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டால் போதும். குறை என்றால் நான்-ஸ்டிக் பூச்சுதான். எவர்சில்வர் ஸ்பூன் பட்டு இரண்டு தட்டுகள் உரிந்துவிட்டன, தூக்கிப் போட்டேன். இப்போது ஆறுதான். எட்டுப் பேர் வந்தால் இரண்டு பேர் முறைவைத்துச் சாப்பிடுகிறார்கள். டிசம்பரில் வரும் தம்பியிடம் தட்டு மட்டும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.